வேற்றுலக எழுத்தும் நம்மூர்ப் பாறைகளும்

திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் விழுப்புரம் வந்து படிக்கும் மாணவி ஒருவர், சென்ற பருவத்தில் ஒரு நாள் ஆய்வுக்கூட வேலை முடிந்தபின் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார்.

"சார், நான் ஒரு கதை எழுதுகிறேன். வேறொரு கோளில் வாழ்கிறவர்களின் மொழிக்கு எழுத்து உண்டாக்கியிருக்கிறேன். இதைப் பூமியில் யாராலும் படிக்க முடியாது" என்றார்.

மூன்று பக்கங்கள் நிறைய வளைவுகளும் கொக்கிகளும் முக்கோணங்களும் இருந்தன. பார்க்க அழகாகவே இருந்தது. "இரண்டு நாள் இது என்னிடம் இருக்கட்டும், அம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் குறிகளின் வகைகளை எண்ணினேன். 29 கிடைத்தன. உடனே ஓர் ஐயம் எழுந்தது. தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. இவற்றுள் ஆய்தமும் ஔகாரமும் அருகியே வருபவை. அவ்விரண்டையும் நீக்கினால் எஞ்சுவது 29 அல்லவா?

அடுத்து, எந்தக் குறி எங்கே வருகிறது என்று பட்டியல் போட்டேன். சில குறிகள் சொல்லின் முதலில் வரவே இல்லை. வேறு சில குறிகள் அடிக்கடி இரட்டித்து வந்தன. நம் இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்துகள் என்று படித்திருப்பீர்கள். ட், ண், ழ், ள், ற், ன் ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. க், ச், த், ப் ஆகியவை இரட்டிக்கும். ஐயம் வலுத்தது.

மூன்றாவதாக, ஒரே வரியில் அடுத்தடுத்த மூன்று சொற்கள் ஒரே இரு குறிகளில் முடிவதைக் கண்டேன். 'நிலவும் நீரும் காற்றும்' என்பதுபோல் அது 'உம்' ஆக இருக்கலாம் என்று ஊகித்தேன். உ, ம் என்ற இரண்டு எழுத்துகள் கைக்கு வந்தன. அதன்பின் பூட்டு தானாகவே திறந்துகொண்டது. இரண்டாம் நாள் மாலை மூன்று பக்கங்களையும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

மாணவியின் முகம் வாடிவிட்டது. "எப்படி சார்?" என்றார்.

"இது வேற்றுலக மொழியன்று, அம்மா. முகமூடி போட்ட தமிழ்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். உண்மையிலேயே வேறான ஒரு மொழிக்கு எழுத்தை எப்படி அமைப்பது? எவருக்கும் தெரியாத ஓர் எழுத்தை எப்படிப் படிப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் உரிய விடைகளிற் பெரும்பகுதி விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர் வட்டாரத்துப் பாறைகளிலேயே இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? வாருங்கள், பார்ப்போம்.

திரையில் வந்த எழுத்துகள்

கற்பனை மொழிக்கு எழுத்து உண்டாக்குவதில் நம் மாணவி தனித்தவர் அல்லர். 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையில் கிளிங்கன் என்ற வேற்றுலக இனம் வருகிறது. 1979-இல் வெளிவந்த முதற் படத்தில் அவர்களுக்குச் சில சொற்களே இருந்தன. 1984-இல் வெளிவந்த மூன்றாம் படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் அதற்கு ஒலிகளும் இலக்கணமும் அமைத்தார். 1985-இல் அகராதியும் வந்தது. ஆனால் திரையில் சுவர்களிலும் கருவிகளிலும் காணப்பட்ட 'எழுத்துகள்' வெறும் அலங்காரமே. எந்த வடிவுக்கு எந்த ஒலி என்ற ஒழுங்கு பின்னரே ஏற்பட்டது.

கணினிகளில் உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் அமைப்பு யூனிகோடு. கிளிங்கன் எழுத்தையும் சேர்க்குமாறு 1997-இல் அதனிடம் முன்மொழிந்தார்கள். 2001-இல் அது தள்ளுபடியாயிற்று. அந்த மொழியை விரும்பிக் கற்றவர்கள்கூடத் தமக்குள் எழுதிக்கொள்ள ரோமன் எழுத்தையே பயன்படுத்தினார்கள் என்பதே காரணம். எழுதுவோரும் படிப்போரும் இல்லாவிட்டால் எழுத்து வெறும் ஓவியம் என்ற பாடத்தை இதிலிருந்து பெறலாம்.

2016-இல் வந்த 'அரைவல்' என்ற படத்தில் ஏழு கால்களையுடைய வேற்றுலகத்தார் வட்டமான மைக்கறைகளால் எழுதுகிறார்கள். ஒரு வட்டம் ஒரு முழு வாக்கியம். மார்ட்டீன் பெர்ட்ராண்ட் என்ற ஓவியர் அவற்றுக்கு வடிவம் கொடுத்தார். இதற்கு மூலம் டெட் சியாங் 1998-இல் எழுதிய கதை. அக்கதையில் இயற்பியல் மாணவர்கள் அறிந்த ஃபெர்மா விதி வருகிறது. ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியை மேற்கொள்கிறது என்பார்கள். அப்படியானால் புறப்படும்போதே சேருமிடம் ஒளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று தோன்றும்! அதுபோல, முடிவு தெரிந்த பின்னரே முதற் கோட்டை இழுக்கக்கூடிய எழுத்து அது. பேச்சொலியோடு அதற்குத் தொடர்பே இல்லை.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015-இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் என்ற கற்பனைக் குலத்தார் பேசுவதற்காகப் பாடலாசிரியர் மதன் கார்க்கி கிளிக்கி என்ற மொழியை அமைத்தார். படத்தில் வந்த அளவில் அதற்கு ஏறக்குறைய 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் அவர் ஆராய்ச்சி செய்த காலத்தில் குழந்தைகளோடு விளையாட்டாக உருவாக்கிய சிறு மொழியே இதற்கு வித்து. 'மின்' என்றால் நான். அதைத் திருப்பி 'நிம்' என்றால் நீ. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, இம்மொழி தனக்கென ஓர் எழுத்து முறையோடு பொதுமக்கள் கற்க வெளியிடப்பட்டது. மொழி முதலில், எழுத்து பின்னர் என்ற வரிசையைக் கவனியுங்கள். நம் மாணவி எழுத்தை மட்டும் செய்தார், மொழியைச் செய்யவில்லை. அதனால்தான் அகப்பட்டுக்கொண்டார்.

எழுத்து எதைக் குறிக்கிறது?

எழுத்து ஒலியைக் குறிக்கிறது என்று சொல்லி வருகிறோம். இது பாதி உண்மையே. 'கல்', 'தங்கம்', 'பகை' என்ற மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் ஒரே மாதிரியாகவா ஒலிக்கிறது? முதலில் வல்லென்றும், மெல்லினத்தை அடுத்துச் சற்று அதிர்ந்தும், இரண்டு உயிர்களுக்கு நடுவே இளகியும் ஒலிக்கிறது. ஓர் ஒலிவாங்கியை வைத்து அலைவடிவத்தைப் பதிவு செய்தால் மூன்றும் மூன்று விதமாகத் தெரியும். ஆயினும் தமிழுக்கு ஒரே 'க' போதுமானது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இடமே முடிவு செய்துவிடுகிறது. ஒலி மாறுவதால் பொருள் மாறுவதில்லை.

வடமொழியின் நிலை வேறு. அங்கே ககர வரிசையில் நான்கு ஒலிகள் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் சொல்லே மாறிவிடும். எனவே நான்கு எழுத்துகள் வேண்டும். ஆக, எல்லா ஒலிகளையும் ஓர் எழுத்து முறை பதிவு செய்வதில்லை. பொருளை மாற்றும் வேறுபாடுகளை மட்டுமே அது தேர்ந்தெடுத்துப் பதிவு செய்கிறது.

இதை நேரில் காண வேண்டுமா? விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இவை எதுவுமின்றி இதைச் செய்வித்ததாக அங்கே வெட்டி வைத்திருக்கிறான். மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். அதே மாவட்டத்தில் உள்ள தளவானூர்க் குடைவரையில் வடமொழிச் செய்யுள் கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பாடல் தமிழ் எழுத்திலும் காணப்படுகின்றன. ஒரே பாறை, இரண்டு மொழிகள், ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்குத் தைத்த சட்டை!

நாமே மறந்த எழுத்து

எழுத்துகளைப் படிக்கும் கலைக்கு வருவோம். வேற்றுலகத்தாரின் எழுத்தைக் கண்டு மனிதன் திகைக்கும் காட்சி கதைகளில் வருகிறது. நம் நாட்டில் அது உண்மையிலேயே நடந்தது. 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அசோகரின் இரண்டு தூண்களைத் தில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றில் இருப்பதைப் படிக்கச் சொல்லிப் பண்டிதர்களை அழைத்தார். ஒருவராலும் இயலவில்லை. நம் முன்னோர் எழுதியதே நமக்கு வேற்றுலக எழுத்தாகிவிட்டிருந்தது.

பிராமி எனப்படும் அந்த எழுத்தை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்து முடித்தார். சாஞ்சித் தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியில் வெட்டப்பட்ட சிறு சிறு வரிகளின் படிகள் அவரிடம் வந்தன. ஏறக்குறைய எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயில்களில் தூணும் படியும் அளித்தவர்கள் தம் பெயரைப் பொறித்து 'தானம்' என்று முடிப்பது இந்நாட்டு வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொல் 'தானம்' ஆக இருக்கலாம் என்று ஊகித்தார். த, ந என்ற எழுத்துகள் கிடைத்தன. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. நான் நோட்டுப் புத்தகத்தில் 'உம்' என்பதைப் பிடித்தது அவரிடம் கற்ற வித்தையே.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. அந்தக் கல்வெட்டுகளின் மொழியாகிய பிராகிருதம் அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்து மட்டுமே தெரியாமல் இருந்தது. இரண்டில் ஒன்று தெரிந்திருந்ததால்தான் மற்றதைப் பிடிக்க முடிந்தது.

தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பிராமி எழுத்துகள் அதன்பின்னும் தொல்லை கொடுத்தன. எழுத்துக்கூட்டிப் படித்தால் சொற்கள் விந்தையாக வந்தன. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று எடுத்துக்காட்டினார். ழ, ள, ற, ன ஆகிய தமிழுக்குரிய ஒலிகளுக்கென்று வடநாட்டு வரிசையில் இல்லாத வடிவங்கள் இக்குகைகளில் இருப்பதை அவர் கண்டறிந்தார்.

கடன் வாங்கிய சட்டை

வேறொரு மொழிக்கென்று ஏற்பட்ட எழுத்தை எடுத்துத் தமிழுக்குப் பொருத்தியவர்கள் சந்தித்த சிக்கலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேற்றுலக மொழிக்கு எழுத்து அமைக்க விரும்புகிறவரும் இதே சிக்கலைத்தான் சந்திக்க வேண்டும்.

பிராகிருதச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை. எனவே பிராமியில் குறி எதுவும் சேராத 'க' என்ற வடிவம் அகரம் சேர்ந்த ககரத்தையே குறித்தது. தமிழிலோ கல், மண், பால், நீர் என்று மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம். தனி மெய்யை எப்படிக் காட்டுவது?

ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தமது பெருநூலில், இதற்கு நம் முன்னோர் வெவ்வேறு தீர்வுகளை முயன்று பார்த்ததை விளக்கியிருக்கிறார். ஒரு முறைப்படி, குறி சேராத வடிவை மெய்யாகக் கொண்டார்கள்; ஆகாரக் குறியை அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொதுவாக்கினார்கள். அதனால் 'மகன்' என்ற சொல் வடநாட்டு முறையில் படிப்பவருக்கு 'மாகான' என்று தோன்றும்! இன்னொரு முறையில், குறி சேராத வடிவம் மெய்யையும் குறிக்கும், அகர உயிர்மெய்யையும் குறிக்கும். இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். முடிவில் நிலைத்தது புள்ளி வைக்கும் முறை. ஒரே ஒரு சிறு புள்ளி! ஆனால் அதற்குப் பின்னால் பல தலைமுறைகளின் சோதனை இருக்கிறது.

செஞ்சிப் பகுதியில் நெகனூர்ப்பட்டி என்ற ஊரின் அருகே உள்ள குன்றில், கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 'பெரும்பொகழ் சேக்கந்தி தாயியரு சேக்கந்தண்ணி செயிவித்த பள்ளி' என்பது அதன் வாசகம். சேக்கந்தி என்பவரின் தாய் சேக்கந்தண்ணி செய்வித்த துறவியர் உறைவிடம் என்பது பொருள். ஒரு தாய் தன் பெயரைக் கல்லில் நிறுத்தியிருக்கிறாள். 'பொகழ்' என்பதன் இறுதியில் ழகரம் இருக்கிறது. எழுத்தைப் படித்துவிட்டோம், ஆனால் பொருளில் இன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. 'பெரும்பொகழ்' என்பது பெரும் புகழா, அல்லது இன்றைய பெரும்புகை என்ற ஊரின் பழம்பெயரா? ஊர்ப்பெயர் என்று கொள்வோரும் உண்டு. படிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

அதே செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் துறந்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவைச் சொல்லும் கல்வெட்டு உள்ளது. எழுத்து பிராமியிலிருந்து வட்டெழுத்தாக உருமாறிவிட்ட காலம் அது. 'ஐ' என்னும் உயிரெழுத்தைக் கல்வெட்டில் தொன்மையாகக் காணும் இடமாக இதை அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சட்டை தைக்கும் வேலை அத்தோடு நின்றுவிடவில்லை. எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தி எழுத 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழி செய்தார். லை, னை, ணா, றா முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை 1978-இல் தமிழ்நாடு அரசு மாற்றியது. உங்கள் பாட்டியின் பழைய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். யானைத் துதிக்கைபோல் வளைந்த 'லை' உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு சாட்சி போதாது

ஓர் எழுத்தைச் சரியாகப் படித்தோம் என்று எப்படி அறிவது? ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை இரண்டு வேறு முறைகளால் அளந்து பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அதே நெறிதான்.

அசோகர் தமது இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு 'சதியபுதோ' என்று ஒருவரையும் குறிப்பிடுகிறார். அவர் யார் என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. 1981-இல் திருக்கோவிலூர் அருகிலுள்ள ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி' என்பது அதன் வாசகம். அசோகர் சொன்ன பெயரும், சங்க நூல்கள் போற்றும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரும் ஒரே கல்லில் வந்து சேர்ந்தன. வடக்கே ஒரு பாறை, தெற்கே ஒரு பாறை, இடையே ஏட்டுச் சுவடிகள். ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்னால் நம்பலாம்.

என் பிழை

இதையெல்லாம் கேட்ட மாணவி, "அப்படியானால் கீழ்வாலையில் இருப்பதையும் படித்துவிடலாமே, சார்?" என்றார். என் தலை சற்றுத் தாழ்ந்தது. காரணத்தை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கீழ்வாலை உள்ளது. அங்கே பாறைகளில் செங்காவி நிறத்தில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குதிரைமேல் ஒருவர், படகில் சிலர், பறவை அலகு போன்ற முகமுடைய மனித உருவங்கள். 'இவர்கள் வேற்றுலகத்தார்' என்று கதை கட்டுவோருக்கு அந்த முகங்கள் நல்ல தீனி. முகமூடி அணிந்து ஆடும் வழக்கம் உலகெங்கும் பழங்குடிகளிடம் உண்டு என்பதை நினைத்தால் வேற்றுலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஓவியங்களோடு சில குறிகளும் இருக்கின்றன. அவை சிந்துவெளி எழுத்துகளை ஒத்தவை என்று கூறுவோர் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல் மலைக் குகையில் கீறப்பட்டுள்ள உருவங்களைப் பற்றியும் இவ்வாறே சொல்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் கீழ்வாலைக்கு அழைத்துச் சென்றபோது, எங்கோ படித்ததை நம்பி, "இவை சிந்துவெளி எழுத்துகள், இதன் பொருள் இது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். என் மாணவர் ஒருவர் அதை அப்படியே எழுதி ஒரு கட்டுரைப் போட்டியில் படித்தார். நடுவர் ஒரே கேள்வி கேட்டார்: "இந்தக் குறிகள் எத்தனை? ஒவ்வொன்றும் எத்தனை முறை திரும்ப வருகிறது?" மாணவரிடம் விடை இல்லை. என்னிடமும் இருந்திராது. அவர் திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை இரண்டாம் முறை எடுக்காத மாணவனை நான் கடிந்துகொள்பவன்!

ஏன் படிக்க முடியாது என்பதை இயற்பியல் மாணவனுக்குச் சொல்வது எளிது. இரண்டு புள்ளிகள் வழியாக எத்தனை வளைகோடுகள் வேண்டுமானாலும் வரையலாம். அதுபோல விரல்விட்டு எண்ணத்தக்க குறிகளுக்கு எந்தப் பொருளையும் பொருத்திவிடலாம். மறுத்துச் சொல்ல அவற்றால் இயலாது. மேலும் வட்டம், சிலுவை, முக்கோணம் போன்ற எளிய வடிவங்களை எந்த நாட்டு மனிதனும் தானே கீறக்கூடும். 1977-இல் வெளியான மகாதேவனின் தொகுப்பில் சிந்துவெளிக் குறிகள் 417. அவ்வளவு நீண்ட பட்டியலோடு எந்தக் கோட்டை ஒப்பிட்டாலும் ஏதேனும் ஒன்று ஒத்துவரத்தான் செய்யும்.

சிந்துவெளி எழுத்தே இன்னும் படிக்கப்படவில்லை. வாசகங்கள் சராசரியாக ஐந்து குறிகளுக்குமேல் நீள்வதில்லை. மொழி இன்னதென்று உறுதியில்லை. இருமொழிக் கல்வெட்டும் அகப்படவில்லை. பிரின்செப்புக்குக் கிடைத்த பிடி இங்கே இல்லை. 2025 ஜனவரி 5 அன்று சென்னையில் நடந்த கருத்தரங்கில், இந்த எழுத்தின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தமிழ்நாட்டுப் பானை ஓடுகளில் உள்ள கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட ஆய்வு நூலும் அப்போது வெளியாயிற்று. வடிவங்களை ஆயிரக்கணக்கில் தொகுத்து ஒப்பிடுவது தேவையான முதற்படி. ஒலியும் பொருளும் அதற்கடுத்த படிகள். முதற்படியில் நின்றுகொண்டு மாடியில் இருப்பதாகச் சொன்னதே நான் செய்த பிழை.

விண்ணுக்கு எழுதிய கடிதம்

பொதுமொழியே இல்லாத ஒருவருக்கு எழுத வேண்டுமானால் என்ன செய்வது? விஞ்ஞானிகள் இதை உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவில் உள்ள அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து ஒரு விண்மீன் கூட்டத்தை நோக்கி 1,679 துடிப்புகள் கொண்ட செய்தி அனுப்பப்பட்டது. ஏன் 1,679? அது 23, 73 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்குத்தொகை. துடிப்புகளை 23 பத்திகளாக அடுக்கினால் ஒரு படம் தோன்றும். தவறாக அடுக்கினால் குழப்பமே மிஞ்சும். பகா எண் எந்த உலகத்திலும் பகா எண்தானே! அத்தொலைநோக்கி 2020-இல் இடிந்து விழுந்துவிட்டது. செய்தி இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டும் பொன் முலாம் பூசிய இசைத்தட்டைச் சுமந்து செல்கின்றன. அதை எவ்வளவு வேகத்தில் சுழற்ற வேண்டும் என்று மேலுறையில் குறித்திருக்கிறார்கள். 'விநாடி' என்றால் வேற்றுலகத்தாருக்கு என்ன தெரியும்? ஆகவே ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலையை வெளியிடும் மாற்றத்துக்குரிய நேரத்தை, அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் 0.7 பங்கை, அலகாகக் கொண்டார்கள். ஹைட்ரஜன் எங்கும் ஒன்றே. சாஞ்சியில் பிரின்செப்புக்குத் 'தானம்' கொடுத்த பிடியை இங்கே ஹைட்ரஜன் கொடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து ஒலிக்கிறது. இந்திய மொழிகள் பல இருந்தும் தமிழ் அவற்றுள் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நீங்களும் முயலலாம்

வாசகர்களே, நீங்களும் ஒரு வேற்றுலக எழுத்தை அமைத்துப் பார்க்கலாம். முதலில் வடிவங்களை வரையாதீர்கள். அவர்கள் எதைக்கொண்டு பேசுகிறார்கள், எந்த வேறுபாடு அவர்களுக்குப் பொருளை மாற்றும் என்று முடிவு செய்யுங்கள். அதன்பின் எத்தனை குறி தேவை என்று எண்ணுங்கள். ஒலிக்கு ஒன்றானால் சில பத்துகள் போதும். அசைக்கு ஒன்றானால் ஐம்பது முதல் நூறுக்குமேல் ஆகலாம். சொல்லுக்கு ஒன்றானால் ஆயிரங்கள் வேண்டும். கடைசியாகத்தான் அழகு.

விடுமுறையில் மண்டகப்பட்டுக்கோ கீழ்வாலைக்கோ போய் வாருங்கள். பாறையைத் தொடாமல், சுண்ணத்தால் கோடு இழுத்துப் படம் எடுக்காமல், உங்கள் பெயரையும் எழுதாமல் பாருங்கள். நாம் படிக்க முடியாததை நாளை ஒருவர் படிக்கக்கூடும். அதுவரை அது அங்கே இருக்க வேண்டுமல்லவா?

நம் மாணவி இரண்டு மாதம் கழித்து இன்னொரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அவருடைய கோளில் இப்போது ஒலியே இல்லை. அங்குள்ளவர்கள் தம் உடலில் ஒளியை மினுக்கிப் பேசுகிறார்கள். நிறம், நேரம், இடைவெளி என்ற மூன்று மட்டுமே அவர்களுக்குப் பொருளை மாற்றும் என்று முதற் பக்கத்தில் எழுதியிருந்தார். மற்ற பக்கங்களில் வெறும் குறிகள்.

மூன்று வாரமாக அது என் மேசையில் இருக்கிறது. குறிகளின் வகை 54 என்பதையும், எது எத்தனை முறை வருகிறது என்பதையும் பட்டியல் போட்டுவிட்டேன். "படித்துவிட்டீர்களா, சார்?" என்று தினமும் கேட்கிறார். "இன்னும் இல்லை, அம்மா" என்று சொல்லி வருகிறேன்.